மடிக்கணினி காட்டும் வேகமும் அதன் உண்மை வேகமும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. அன்றைக்குச் சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தன. அண்ணன் படித்து முடித்த கணினியைத் தங்கை கல்லூரிக்கு எடுத்துச் செல்வதும், பிறகு அதே கணினி கடைக் கணக்கு எழுதப் பயன்படுவதும் இந்தப் புறநகர்க் குடும்பங்களில் இயல்பாக நடப்பவை. இவ்வாறு பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஒரு கருவி திடீரென மந்தமாகி, அதன் திரையில் செயலியின் வேகம் வழக்கத்திற்கு மாறாகக் குறைந்து தெரியும்போது, "போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பு எளிதில் வழங்கப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: காட்டப்படும் எண் உண்மையா என்பது ஒன்று, உண்மையெனில், வேகத்தைக் குறைத்தது எது என்பது மற்றொன்று.

செயலி என்பது கணினியின் கணக்கிடும் சில்லு. அது ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. நொடிக்கு நூறு கோடி துடிப்புகள் ஒரு கிகாஹெர்ட்ஸ் எனப்படும். இந்தத் துடிப்பு வேகம் நிலையான ஒன்றன்று. 2017இல் வெளிவந்து இன்றும் பலரிடம் புழங்கும் இன்டெல் கோர் ஐ5-8250யூ செயலியை எடுத்துக்கொண்டால், அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், வேலைப்பளு கூடும்போது, டர்போ எனப்படும் ஏற்பாட்டின் வழியாக அது 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்கிறது. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த 0.8 அல்லது அதற்கும் கீழே இறங்குகிறது. விண்டோஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் 1.60 என்று காணப்படுவது செயலியின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்ட அடிப்படை வேகமே ஆகும். அது அந்த நொடியில் அளக்கப்பட்ட வேகம் அன்று. கடைக்காரர் 3.4 என்று சொன்னாரே, கணினி 1.6 என்கிறதே என்று ஏமாற்றப்பட்டதாக எண்ணுவோரின் கவலைக்கு இதுவே விளக்கம்.

அளக்கப்பட்ட வேகத்தைக் காட்டும் இடம் டாஸ்க் மேனேஜர். செயலிக்குள் இரண்டு எண்ணிகள் இருக்கின்றன: ஒன்று உண்மையில் நிகழ்ந்த துடிப்புகளை எண்ணுகிறது, மற்றொன்று அடிப்படை வேகத்தில் மாறாமல் எண்ணிக்கொண்டே போகிறது; இரண்டின் விகிதத்தை அடிப்படை வேகத்தால் பெருக்கினால் அந்த நேரத்துச் சராசரி வேகம் கிடைக்கும். ஆகவே திரையில் தெரிவது நேரடி அளவு அன்று, ஒரு கணக்கின் விடை. கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க உதவும் மெய்நிகர் மென்பொருள் அடுக்கு இடையில் இருக்கும்போதும், பழைய அளவை மென்பொருள் புதிய செயலியைச் சரியாக அடையாளம் காணாதபோதும், அந்த விடை பிழைபடலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில், மைக்ரோமீட்டரின் பூஜ்ஜியத்தைச் சரிபார்க்காமல் கடைந்தெடுத்த உருப்படியை எவரும் கழித்துப் போடுவதில்லை. கணினிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு பெரிய கோப்பைச் சுருக்கி, அதற்கு ஆகும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தால், ஐயம் எழும் நாளில் அதே கோப்பை மீண்டும் சுருக்கிப் பார்க்கலாம். எண் பாதியாகத் தெரிந்தும் நேரம் மாறவில்லை எனில் பிழை அளவையில் இருக்கிறது. நேரமும் இருமடங்கானால் செயலி உண்மையாகவே தணிந்து ஓடுகிறது.

அவ்வாறு தணிந்து ஓடுவதைத் தொழில்நுட்பர்கள் த்ராட்லிங் என்பர். வேகத் தணிப்பு என்று அதைச் சொல்லலாம். அதன் முதற்காரணம் வெப்பம். மேலே சொன்ன செயலி 15 வாட் மின்திறனுக்கு வடிவமைக்கப்பட்டது. 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். குளிர்விக்கும் அமைப்பு ஒரு வாட்டுக்கு 4 டிகிரி வீதம் வெப்ப ஏற்றம் தருவதாகக் கொண்டால், செயலி அறைவெப்பத்தைவிட 60 டிகிரி கூடுதலாக இருக்கும். 24 டிகிரி உள்ள குளிர்சாதன அறையில் அது 84 டிகிரியில் நிம்மதியாக ஓடும், 40 டிகிரி உள்ள அறையில் சரியாக 100ஐத் தொடும். கணினியில் எதுவும் பழுதாகவில்லை, அறை மட்டுமே மாறியிருக்கிறது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 டிகிரியை எட்டியது. கத்திரி வெயில் நாள்களில் கடற்காற்று மெரினாவைத் தொட்ட பின்னும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேர நேரமாகிறது. ஆகையால் மேற்குப் புறநகரின் பிற்பகல், மடிக்கணினிக்குக் கடுமையான சோதனை. சிமென்ட் கூரையின் கீழோ மொட்டைமாடியை ஒட்டிய அறையிலோ வேலை செய்வோருக்கு இது இன்னும் கடுமை.

இதனோடு தூசும் சேர்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ வழித்தடத்துக்காகச் சாலை தோண்டப்பட்ட ஆண்டுகளில் அச்சாலையோர வீடுகளுக்குள் படிந்த புழுதியை அங்கு வாழ்வோர் அறிவர். மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால், ஃபேனுக்கும் வெப்பம் வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறப் பஞ்சுப் படலம் அடைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். ஃபேன் சுற்றும் ஓசை பலமாகக் கேட்டும், பக்கவாட்டு வாயில் கையை வைத்தால் காற்று வராததற்கு அந்தப் படலமே காரணம். அதை நீக்கி, செயலிக்கும் தகட்டுக்கும் இடையே காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினால் பல கணினிகள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. மெத்தைமீது வைத்து இயக்குவது அடியிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்துவிடும் என்பதும் இங்கேயே சொல்லத்தக்கது.

ஆனால் வெப்பம் 40, 45 டிகிரி மட்டுமே இருக்க, வேகம் 0.39 அல்லது 0.79 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நின்றால் தேட வேண்டிய இடம் வேறு. இந்த எண்கள் தற்செயலானவை அல்ல: இன்டெல் செயலிகளின் அடிப்படைத் துடிப்பு ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ், அதை 4 ஆலோ 8 ஆலோ பெருக்கினால் கிடைக்கும் கீழெல்லை வேகங்களே இவை. அதாவது, செயலி தள்ளாடவில்லை. கீழெல்லைக்கு இறங்கும்படி அதற்கு ஆணை வந்திருக்கிறது. அந்த ஆணையைச் செயலி அன்றிப் போர்டின் பிற பகுதிகளும் பிறப்பிக்க முடியும். அதற்குரிய தனிக் கம்பித் தடத்தில் குறிப்பு எழுந்தால், செயலி குளிர்ந்திருந்தாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு அடிக்கடி காரணமாவது சார்ஜர். சில மடிக்கணினிகளின் சார்ஜர் முனையில், நடுவே ஊசி போன்ற ஒரு மெல்லிய முள் இருக்கும்; மின்சாரத்தைக் கொண்டுவருவது அதன் வேலை அன்று, "இது 65 வாட் சார்ஜர்" என்று கணினிக்குத் தெரிவிப்பதே அதன் வேலை. சென்னையின் ரிச்சி தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட் சார்ஜரிலோ, முள் வளைந்த அசல் சார்ஜரிலோ அந்தச் செய்தி போய்ச் சேராமல் போகலாம்; எவ்வளவு மின்திறன் கிடைக்கும் என்று தெரியாத கணினி, எச்சரிக்கையாகச் செயலியைக் கீழெல்லைக்கு இறக்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தவுடன் வேகம் ஏறினால் குற்றவாளி சார்ஜர்தான் என்பது பெரும்பாலும் உறுதியாகிவிடும். நலிந்த பேட்டரியும் இதே விளைவைத் தரக்கூடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 37 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தால், செயலியின் வேகத்தைக் கணினியின் உள்ளிணைந்த மென்பொருள் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். பயாஸ் எனப்படும் அந்த மென்பொருளை மேம்படுத்துவது அதைத் தீர்ப்பதுண்டு. பவர் ஆப்ஷன்ஸில் செயலியின் உச்ச அளவு 99 சதவீதமாக வைக்கப்பட்டிருந்தால் டர்போ இயங்காமல் போகும். பளு ஏறிய முதல் அரை நிமிடம் உச்சத்தில் ஓடி, பின்னர் வேகம் ஓரளவு இறங்குவது வடிவமைப்பிலேயே உள்ள மின்திறன் வரம்பின் விளைவு. அதைப் பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை.

செயலியைக் கீழெல்லைக்கு இறக்கும் அந்தக் காப்பு ஆணையை மென்பொருள் கொண்டு அணைத்துவிடும் வழியும் உண்டு. வேகம் உடனே திரும்புவதால் அது தீர்வுபோலத் தோன்றும். ஆயினும், மின்வழங்கும் பகுதி உண்மையிலேயே சூடேறியதால் எழுந்த எச்சரிக்கையாக அது இருந்தால், அணைப்பதன் விலை முழு போர்டு. காரணம் கண்டறியப்படாதவரை அந்த வழி தவறானது. சேவைக் கடையில் போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன், பளுவின் கீழ் செயலியின் வெப்பம் எவ்வளவு, சார்ஜர் இன்றி வேகம் எவ்வளவு, அசல் சார்ஜரில் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் தங்கள் கண்முன்னே அளந்து காட்டும்படி வாசகர்கள் கேட்க வேண்டும்.