ஆயா விதையும் நம்ம ஃப்ரிட்ஜும்

இந்த வாரம் கோடிங் பேச்சே இல்ல. கத்திரி விதை பத்திதான்.

எங்க ஆயா ஊரு வேலூர் பக்கம், அணைக்கட்டு. 2023-ல புவிசார் குறியீடு வாங்குச்சே இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய், அந்த ஏரியா. ஆயா போனதுக்கப்புறம், சாம்பல்ல பெரட்டி துணியில முடிஞ்சு வச்சிருந்த விதை எனக்கு வந்துச்சு. அஸ்தினாபுரம் வீட்டு மொட்டை மாடியில போடலாம்னு எடுத்துட்டு வந்தேன். 'சுத்தமா இருக்கட்டும்'னு சாம்பலைத் தட்டிட்டு, ஜிப்லாக் கவர்ல போட்டு, கிச்சன் அலமாரியில வச்சேன். ரொம்ப அறிவாளித்தனம்!

ஒன்றரை வருஷம் கழிச்சு, பத்து விதையை ஈர டிஷ்யூல சுருட்டி டெஸ்ட் பண்ணா, முளைச்சது ரெண்டு.

விதை சும்மா தூங்கல, உள்ள மெதுவா மூச்சு விட்டுட்டே இருக்கு. ஈரமும் சூடும் ஏறினா அந்த மூச்சு வேகமாகி, சீக்கிரம் கிழடாயிடும். ஹாரிங்டன்னு ஒரு விதை விஞ்ஞானி தோராயமா ஒரு கணக்கு சொன்னார்: விதையோட ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்கு. வைக்கிற இடத்தோட சூடு 5 டிகிரி செல்சியஸ் குறைஞ்சாலும் அதே. இன்னொரு கணக்கும் இருக்கு: ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் காத்துல இருக்குற ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினா 100-க்குள்ள இருக்கணும். நம்ம ஏரியால 86-ம் 75-ம் சர்வ சாதாரணம். கூட்டிப் பாருங்க, 161! நான் தட்டி விட்ட சாம்பல்தான் ஈரத்தை இழுத்துட்டு, வண்டையும் அண்டவிடாம வச்சிருந்தது.

மிச்சம் இருந்ததை மொத்தமா விதைச்சேன். மூணு செடி தேறுச்சு. ரெண்டு காயைப் பறிக்காம மஞ்சளா பழுக்க விட்டு, பிசைஞ்சு தண்ணியில அலசி, மிதந்த சொத்தையைக் கொட்டிட்டு, அடியில தங்கினதை நிழல்ல காய வச்சேன். அப்புறம் சிலிக்கா ஜெல்லோட ஒரு வாரம் மூடின பாட்டில்ல. சிலிக்கா ஜெல் இல்லையா, வறுத்து ஆற வச்ச அரிசி போதும். அதுக்கப்புறம்தான் ஃப்ரிட்ஜ். வெளிய எடுத்த உடனே மூடியைத் திறக்காதீங்க, உள்ள வேர்த்துடும். பாட்டில் ரூம் சூட்டுக்கு வரட்டும்.

கத்திரி, தக்காளி இப்படி வச்சா சில வருஷம் தாங்கும். வெங்காய விதையை மட்டும் நம்பாதீங்க, வருஷா வருஷம் புதுசு எடுத்துடுங்க.

லடாக் சாங் லா கணவாயில நம்ம நாட்டு விதைக் கிடங்கு ஒண்ணு இருக்கு. அந்தக் குளிர்தான் அங்க பெரிய பலம். நமக்கு இருக்கறது ஒரு ஃப்ரிட்ஜ், அதுவும் மழைக்காலத்துல கரண்ட் இருந்தா. அதனால பேக்கப் எடுத்தேன்: பாதி விதை அணைக்கட்டுல அத்தைகிட்ட போயிடுச்சு. சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அத்தை அதை ஓரமா வச்சுட்டு, அடுப்புச் சாம்பலை சலிக்க ஆரம்பிச்சுட்டாங்க.