பொறுப்புள்ள தொழில்: முடிவெடுப்பவர் யார்?

‘சமூகப் பொறுப்பு’, ‘பசுமைத் தொழில்’ என்னும் சொற்கள் இன்று பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் தவறாது இடம்பெறுகின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெருநிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணிக்கிறது. அந்த இலாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்று அது கேட்பதில்லை. தமிழக எல்லையை ஒட்டிய இரண்டு ஊர்கள் அக்கேள்வியைக் கேட்டன.

பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் குறைந்தது. எஞ்சியதும் குடிக்கவோ சமைக்கவோ உதவாது போயிற்று. உரமென்று உழவர்களுக்கு வழங்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியம் இருந்தமை 2003இல் வெளிப்பட்டது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா முதலானோர் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். உரிமம் வழங்கிய பெருமாட்டி ஊராட்சியே 2003இல் அதைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மக்களுக்கு நேர்ந்த இழப்பு 216 கோடி ரூபாய் என அரசின் உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இலாபம் நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. இழப்பு ஊரின் தலையில் விழுந்தது.

தொழிலாளரே பங்குதாரரானால் இந்நிலை மாறிவிடுமா? இடுக்கி மாவட்டம் மூணாற்றில் டாடா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது, 2005இல் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனம் உருவாயிற்று. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களின் பெயரில் அமைந்தன. முன்மாதிரி என்று பலரும் போற்றினர். ஆயினும் 2015 செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் 20 விழுக்காடு கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். ஏட்டில் உரிமையாளர், தோட்டத்தில் கூலியாள்! ‘பெம்பிளை ஒருமை’ என அறியப்பட்ட அப்பெண்கள், செங்கொடிச் சங்கத் தலைவர்கள் உட்படத் தொழிற்சங்கத் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள்; தம்மோடு வந்து அமர்ந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தனை வரவேற்றார்கள். 20 விழுக்காட்டை வென்றார்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே நிறுவனத்தின் பெட்டிமுடி லயங்கள் மண்சரிவில் புதைந்தன. 70 உயிர்கள் பறிபோயின. பங்குப் பத்திரம் பாதுகாப்பான ஒரு வீட்டைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

தோழர்களே, ஒரு தொழில் பொறுப்புள்ளதா என்பதை அளக்க மூன்று கேள்விகள் போதும். நிலத்தடி நீரை எடுப்பதற்கு ஊரின் ஒப்புதல் உண்டா? கணக்கேட்டைத் தொழிலாளி திறந்து பார்க்க முடியுமா? அவள் குடும்பம் அச்சமின்றி உறங்குகிறதா? கூட்டுறவுச் சங்கமாயினும், குடும்பஸ்ரீ குழுவாயினும், தனியார் ஆலையாயினும் இக்கேள்விகள் பொருந்தும். இவற்றை முதலில் எழுப்ப வேண்டியது தொழிற்சங்கமே. அது தயங்கினால் என்ன நேரும் என்பதை மூணாற்றுப் பெண்கள் உணர்த்தியிருக்கிறார்கள்.