தொண்டை மண்டலம்: நம்ம மண்ணோட பேருக்கு என்ன அர்த்தம்?

ஆவடி இளைஞர் கூட்டத்தில் பேசியதை எழுத்தாகப் போடச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். இதோ உங்களுக்காக.

அம்பத்தூர்னா எஸ்டேட். ஆவடின்னா டேங்க் ஃபேக்டரி. பூந்தமல்லின்னா பைபாஸ். "உங்க ஏரியாவுக்கு என்னப்பா வரலாறு?"ன்னு யாராவது கேட்டா சிரிச்சிட்டு நகர்ந்துடுறோம். ஆனா நாம நிக்கிற மண்ணுக்குச் சங்க காலத்திலிருந்தே பேர் இருக்கு: தொண்டை நாடு.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையின் தலைவன், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பின்னாளில் இந்த நாட்டை 24 கோட்டங்களாகச் சொன்னார்கள். மாங்காடும் குன்றத்தூரும் புலியூர்க் கோட்டம். புழல் ஏரி தெரியும்ல? அந்தப் பேரிலும் ஒரு கோட்டம் இருந்தது.

சரி, தொண்டைன்னா என்ன? நம்ம கழுத்துல இருக்கிற தொண்டை இல்லைங்க. அது ஒரு கொடி. ஆதொண்டைக் கொடின்னு சொல்றவங்க உண்டு. கோவைக் கொடிக்கும் பழந்தமிழில் தொண்டைன்னு பேர் உண்டு. நம்பலையா? மார்க்கெட்ல விற்கிற கோவக்காயைத் தெலுங்குக்காரர் இன்னிக்கும் 'தொண்டகாய'ன்னுதான் கேட்பார். கன்னடத்தில் 'தொண்டேகாயி'. நாம மறந்த சொல்லை அக்கம்பக்கத்து வீடு பத்திரமா வச்சிருக்கு!

வடமொழிக்குப் போனப்போ இதே நாடு 'துண்டீர மண்டலம்' ஆச்சு. இங்கே ஆண்ட பல்லவர்களைத் தமிழ் இலக்கியம் தொண்டையர் என்கிறது. 'பல்லவம்' என்றால் வடமொழியில் தளிர். அங்கே தளிர், இங்கே கொடி. ஒன்றன் மொழிபெயர்ப்புதான் மற்றொன்று என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள்; மறுப்பவர்களும் உண்டு.

அப்புறம் சோழர்கள் வந்தாங்க. ராஜராஜன் காலத்தில் இதற்கு 'ஜெயங்கொண்ட சோழ மண்டலம்' என்று பேர் மாற்றினார்கள். கல்வெட்டுகளில் அந்தப் பேர்தான். சோழ மண்டலம் என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆனது. நம்ம சென்னைக் கடற்கரையும் அந்தப் பேரில் அடங்கிடுச்சு. 1820-ல் அந்தப் பேர் வச்ச ஒரு பிரிட்டிஷ் கப்பல் நியூசிலாந்து போக, அங்கே ஒரு தீபகற்பமே கோரமண்டல் ஆயிடுச்சு!

ஜெயங்கொண்ட சோழ மண்டலம்னு இன்னிக்கு யாராவது சொல்றாங்களா? இல்ல. தொண்டை மண்டலம்னு சொல்றாங்க. அரசு ஆணை கல்லில் நின்னது. மக்கள் வச்ச பேர் வாயில் நின்னது.

எல்லையும் அப்படித்தான். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. காளஹஸ்தி ஆந்திராவில் இருக்கு. காளஹஸ்தி பக்கத்திலேயே தொண்டமாநாடுன்னு ஒரு ஊர் இருக்கு. கோடு போட்டுப் பிரிச்சாலும் கொடி ரெண்டு பக்கமும் படர்ந்துதான் கிடக்கு. அதனால "இது எங்க பேர், உங்க பேர் இல்ல"ன்னு கமெண்ட்ல சண்டை போடுறதுல அர்த்தமே இல்லைங்க. பல மொழி பேசின மக்கள் சேர்ந்து காப்பாத்தின பேர் இது.

ஒரு வேலை சொல்றேன், செய்வீங்களா? ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைத் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. தொண்டைமான் ஏறி வந்த யானையின் காலை முல்லைக்கொடி சுத்திப் பிடிச்ச கதையை அங்கே சொல்லிக் கொடுங்க. அம்மன் பேரே கொடியிடை நாயகி!

அடுத்த தடவை யாராவது "உங்க ஏரியாவுக்கு என்ன வரலாறு?"ன்னு கேட்டா, பிள்ளைங்களே பதில் சொல்லட்டும்.

உங்க ஊர்ப் பேருக்கு வீட்டுப் பெரியவங்க சொன்ன விளக்கம் என்ன? கமெண்ட்ல எழுதுங்க.

#தொண்டைமண்டலம் #நம்மஊர்நம்மபேர்