முதல் வாடகை வீடு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பது நம்மவர் பழமொழி. வேற்றூரில் உத்தியோகம் ஏற்கும் இளைஞர்கள் அதனோடு, முதன்முதலாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மத்திய அரசின் தேர்வுகளில் தேறித் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வருவோர், இங்கே முன்னரே குடியேறிவிட்ட எங்களைக் கேட்கும் முதற்கேள்வி, "வாடகை எவ்வளவு ஆகும்?" என்பதே. கரோல்பாகில் இவ்வளவு, முனிர்க்காவில் இவ்வளவு, மயூர் விகாரில் இவ்வளவு என்று சொல்வது எளிது. ஆனால், "வாடகைக்கென்று நம்மால் எவ்வளவு ஒதுக்க முடியும்?" என்று கேட்பதே முறையாகும். முதற்கேள்விக்கு விடை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை நம்மிடமே இருக்கிறது.

அரசு தரும் வீட்டு வாடகைப்படி இருக்கிறதே என்று சிலர் எண்ணுவர். ஏழாம் ஊதியக்குழுவின் திட்டப்படி, தில்லி போன்ற பெருநகரங்களில் இப்படி 2017 ஜூலையில் அடிப்படைச் சம்பளத்தில் 24 விழுக்காடாக இருந்தது; 2024 ஜனவரியில் 30 விழுக்காடாயிற்று. அடிப்படைச் சம்பளம் 25,500 ரூபாய் என்றால், 30 விழுக்காடு 7,650 ரூபாய். இப்படி சம்பளத்தைப் பார்த்து வருவதேயன்றி, நாம் குடியிருக்கும் தெருவைப் பார்த்து வருவதன்று. ஆகவே வாடகை முழுவதையும் இது தாங்கும் என்று எண்ணலாகாது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிடித்தங்கள் போக மாதம் 40,000 ரூபாய் கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் தாளின் தலைப்பில் வாடகையை எழுதிவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மற்றவற்றைச் சரிக்கட்ட முயல்கிறோம். அதைத் தலைகீழாக எழுத வேண்டும் என்பதே எங்கள் கருத்து. முதலில் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புவது 10,000, உணவுக்கு 7,000, போக்குவரத்துக்கு 2,000, துணி, மருந்து, தொலைபேசி முதலியவற்றுக்கு 4,000, நோய்நொடிக்கும் திடீர்ப் பயணத்துக்குமான சேமிப்பு 4,000. ஆக 27,000. மீதி 13,000. இந்த 13,000 முழுவதும் வாடகையன்று. மின்சாரம், தண்ணீர், மாடிப்படி துடைக்கும் கட்டணம் ஆகியவற்றுக்குச் சராசரியாக 2,500 ஒதுக்கினால், வாடகைக்கு எஞ்சுவது 10,500 ரூபாயே.

இந்நிலையில் 12,000 ரூபாய்க்கு நல்லதொரு வீடு கண்ணில் படுகிறது. ஆயிரத்து ஐந்நூறுதானே என்று மனம் சமாதானம் சொல்லும். ஆண்டுக்கு அது 18,000 ரூபாய். அத்தொகை எங்கிருந்து வரும்? கடைக்காரர் கடன் சொல்ல விடமாட்டார். ரயிலில் சீட்டின்றி ஏற முடியாது. கேள்வி கேட்காமல் குறைத்துக்கொள்ளக்கூடியவை இரண்டே: ஒன்று சேமிப்பு, மற்றொன்று ஊருக்கு அனுப்பும் பணம். பெற்றோர் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஆகவே முதலில் குறைவது அவர்களுக்கான பணமே. ஒரு சன்னலும் ஒரு பால்கனியும் கூடுதலாகப் பெற யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் கையெழுத்திடுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வீட்டுக்குள் நுழையுமுன் கொடுக்க வேண்டிய தொகை. இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை செய்யத் தோன்றுகிறது. சென்னையில் 'அட்வான்ஸ்' என்றால், வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் தொகை என்று பொருள். தில்லியில் 'அட்வான்ஸ்' என்பது பெரும்பாலும் முதல் மாத வாடகையை முன்கூட்டியே தருவது, அது திரும்பாது. திரும்பி வரவேண்டிய தொகையை இங்கே 'செக்யூரிட்டி' என்பர். சொல் ஒன்றே, பொருள் வேறு. இதை அறியாது, கொடுத்ததெல்லாம் திரும்பும் என்று நம்பிக் கணக்கிடுவோர் பின்னர் வருந்துகின்றனர்.

12,000 ரூபாய் வீட்டுக்கு முதல் மாத வாடகை 12,000. செக்யூரிட்டி ஒரு மாதத்துக்கு 12,000. தரகர் பாதி மாத வாடகை கேட்டால் 6,000. ஆக 30,000. சிலர் ஒரு முழு மாத வாடகையையே தரகாகக் கேட்பதுண்டு. மெத்தை, அடுப்பு, வாளி, பாத்திரம், வண்டிச்சத்தம், ஒப்பந்தச் செலவு எல்லாவற்றுக்கும் 10,000 என்று வைத்தால் 40,000 ரூபாய். ஒரு மாதச் சம்பளம் முழுவதும் முதல் நாளிலேயே போய்விடுகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் தாமதமாவதும் உண்டு. ஆகவே இத்தொகையோடு இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவும் கையில் சேரும்வரை, விடுதியிலோ நண்பரோடோ தங்கியிருப்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

தில்லியின் பருவங்களும் கணக்கில் இடம்பெற வேண்டியவை. மொட்டைமாடியில் ஒற்றை அறையாக அமைந்த 'பர்சாத்தி' குறைந்த வாடகைக்குக் கிடைக்கலாம். ஆனால் மே, ஜூன் மாதங்களில் கூரை கொதிக்கும். கூலரோ குளிர்சாதனமோ இன்றி உறங்க முடியாது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ரஜாயும் வெந்நீரும் வேண்டும். மின்கட்டணம் மின்விநியோக நிறுவனத்தின் பில்படியா, வீட்டுக்காரர் வைத்த உள்மீட்டர்படியா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதைக் கேட்டறிந்து, குடிபுகும் நாளன்றே மீட்டரின் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொலைவையும் இவ்வாறே எண்ண வேண்டும். வாடகை 1,500 குறைவென்று தூரத்தில் வீடு பிடித்து, போகவர நாளொன்றுக்கு 80 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால், 22 வேலை நாளில் 1,760 ரூபாய் ஆகிவிடும், நேரமும் நஷ்டம்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சில சொற்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனாலேயே 11 மாத ஒப்பந்தம் வழக்கில் உள்ளது. 1958-ஆம் ஆண்டுத் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988-இல் திருத்தப்பட்டபின், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளைக் காப்பதில்லை. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையை மீறலாகாது என்கிறது. ஆயினும் அது மாதிரியே. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினாலன்றிச் செல்லாது. எனவே நமக்குப் பெருந்துணை நாம் கையெழுத்திடும் தாளே. செக்யூரிட்டி எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், எதற்காகப் பிடிக்கலாம், காலி செய்ய எத்தனை நாள் அறிவிப்பு, அடுத்த ஆண்டு வாடகை எவ்வளவு உயரும் என்பவை யாவும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பணத்தை வங்கி வழியே செலுத்தினால் அளந்ததற்குச் சாட்சியும் இருக்கும்.

கணக்கு இடிக்குமானால் வழியில்லாமல் இல்லை. 18,000 ரூபாய் வீட்டில் இருவர் கூடிக் குடியிருந்தால் ஆளுக்கு 9,000. செக்யூரிட்டியும் தரகும் பாதியாகும். ஆனால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருத்தல் அவசியம். ஒருவர் மாற்றலாகிப் போனால் மற்றவர் நிலை என்ன என்பதையும் முன்னரே பேசி முடிக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர், அரசுக் குடியிருப்புக்கு மனுச்செய்ய உரிமையுள்ள நாளிலேயே மனுச்செய்துவிட வேண்டும். வீடு ஒதுக்கப்பட்டால் வாடகைப்படி நின்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

நேயர்களே, முதல் வீடு சிறியதாக இருக்கலாம். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரே தெரியலாம். மாதத்தின் இருபத்தைந்தாம் நாள் அவ்வீட்டில் அரிசியும் இருந்து, ஊருக்குப் பணமும் போய்ச் சேர்ந்திருக்குமானால், அது நமக்கு ஏற்ற வீடு. பெரிய வீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் உயரும், ஊரும் பழகும், எந்தத் தெருவில் எது நியாயமான குடிக்கூலி என்பதும் தெரிந்துவிடும்.