வயர்மேன் யார், சார்ஜ்மேன் யார்?



பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு கடையில் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? 'வயர்மேனைக் கூப்பிடு' என்பார். வருகிறவரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. விளக்கு எரிந்தால் போதும், கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதே கடைக்காரர் கடையைப் பெரிதாக்கி, குளிர்சாதனமும் பெரிய அடுப்பும் வைத்து, தெனாகா நேஷனலிடம் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மனுச் செய்யும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. அங்கே இரண்டு பாரங்கள் கேட்கப்படும். ஒன்று போராங் ஜி, மற்றது போராங் எச். முன்னது, வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கான உறுதி. பின்னது, மின்கம்பிகளைச் சோதித்துப் பார்த்ததற்கான உறுதி. இரண்டிலும் தகுதி பெற்றவரின் கையெழுத்து வேண்டும். இருபது ஆண்டுகளாக அந்தக் கடைக்கு வயர் இழுத்தவரால் அதில் கையெழுத்துப் போட முடியாமல் போகலாம். நேற்றுத் தேர்வில் தேறிய இருபத்தைந்து வயதுப் பையன் போடலாம்.

இது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் தேடும் முன், இந்தத் தகுதிகள் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். நம் சமூகத்தில் இதைப் பற்றிய குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

தோட்டப்புற வாழ்க்கை நமக்குப் பட்டங்களைப் பற்றி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது. தண்டல், கங்காணி, கிராணி என்றால் அது அந்தஸ்து. யாருக்கு எந்த வீடு, யார் முன்னால் யார் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெயர்கள் தீர்மானித்தன. அந்தக் கண்ணோடு மின்தொழிலின் தகுதிகளைப் பார்த்தால் தவறாகத்தான் தெரியும். இங்கே ஒரு பட்டம் சொல்வது இரண்டே விஷயம்: இவர் எந்த வேலையைச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது, கெட்டுப்போனால் யார் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு அடிப்படை 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளும். இவற்றின்படி தகுதிச் சான்றிதழ் கொடுப்பது சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த ஆணையம், முன்பிருந்த மின்சார, எரிவாயு விநியோக இலாகாவின் பொறுப்புகளை ஏற்றுக்கொண்டது. தெனாகா நேஷனல் மின்சாரம் விற்கும் நிறுவனம். சான்றிதழ் அதன் கையில் இல்லை. இதைத் தெரியாமல் தெனாகா அலுவலகப் படியேறி விசாரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆணையத்தின் பட்டியலில் வயர்மேனுக்கு மலாயில் பெண்டாவாய் என்று பெயர். டாவாய் என்றால் கம்பி. கம்பியோடு வேலை செய்பவர். ஒற்றை ஃபேஸ், மூன்று ஃபேஸ் என்று அதில் பிரிவு உண்டு. சாதாரண வீட்டு இணைப்பு ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட். பெரிய வீடு, உணவகம், பட்டறை என்றால் மூன்று ஃபேஸ், 400 வோல்ட். சோதனை செய்து உறுதி கூற அதற்கென்று தனி அங்கீகாரம் தேவை. கம்பியைப் பொருத்துவது ஒரு திறமை. பொருத்திய கம்பியில் கசிவு இல்லை, நிலக்கம்பி சரியாக இருக்கிறது, கசிவு நேர்ந்தால் கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்று கருவி வைத்து அளந்து சொல்வது இன்னொரு திறமை. நம்மவர்கள் இஎல்சிபி என்று சொல்லும் அந்தச் சிறிய பெட்டி, கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் செயல்பட வேண்டும். தண்ணீர் சூடாக்கும் கருவி இருக்கும் இடத்தில் 10 மில்லி ஆம்பியர். குளியலறையில் நிற்கும் குழந்தையின் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது. அதைச் சோதிக்காமல் பாரத்தில் கையெழுத்துப் போடுபவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்பதை நேயர்களே நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்து சார்ஜ்மேன். பேட்டரிக்கு 'சார்ஜ்' ஏற்றுபவர் என்று நினைப்பவர்கள் உண்டு. 'இன்சார்ஜ்' என்கிறோமே, அந்தப் பொருளில் வரும் சொல் இது, பொறுப்பில் இருப்பவர். மலாயில் பென்ஜாகா ஜென்தெரா, அதாவது இயந்திரக் காவலர். ஜென்தெரா என்ற சொல்லே நம் 'யந்திரம்'தான். கடல் கடந்து போய் உருமாறித் திரும்ப நம்மிடமே வந்திருக்கிறது.

வயர்மேன் புதிதாக அமைத்துக் கொடுப்பவர் என்றால், சார்ஜ்மேன் ஓடிக்கொண்டிருக்கும் மின்நிலையை இயக்கிப் பராமரிப்பவர். போர்ட் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் உள்ள பெரிய தொழிற்சாலைகள் 11,000 வோல்ட்டில் மின்சாரம் வாங்கி, தங்கள் வளாகத்திலேயே அதைக் குறைத்துக்கொள்கின்றன. அங்கே ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்க வேண்டும் என்றால் என்ன நடக்க வேண்டும்? முதலில் சார்ஜ்மேன் சரியான சுவிட்சை அடைத்து மின்சாரத்தைத் துண்டிப்பார். தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவார். கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருவியால் பார்ப்பார். பிறகு கம்பியை நிலத்தோடு இணைப்பார். அதன் பிறகே வேலை செய்பவரிடம் அனுமதிச் சீட்டு கொடுப்பார். வேலை முடிந்து, ஆட்கள் அனைவரும் வெளியே வந்து, சீட்டு திரும்பக் கைக்கு வந்தால்தான் பூட்டுத் திறக்கும். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டினாலும் உள்ளே கைவைத்தவர் வீடு திரும்பமாட்டார். அந்தச் சாவி யார் பையில் இருக்கலாம் என்பதைத்தான் சார்ஜ்மேன் சான்றிதழ் சொல்கிறது.

சார்ஜ்மேனிலும் ஏ, பி என்று எழுத்துகள் உண்டு. ஏ பிரிவு குறைந்த மின்னழுத்தத்திற்கு; பி பிரிவு அதற்கு மேற்பட்டதற்கு. கூடவே வரும் எண், எந்த அளவு வரை, எவ்வகை அமைப்பு என்று எல்லை போடுகிறது. வேலை விளம்பரங்களில் 'பி0 தேவை' என்று வருவதெல்லாம் இதுதான்.

இங்கேதான் பெரிய குழப்பம். மின் குத்தகையாளர்களுக்கும் ஏ, பி, சி, டி என்று வகுப்புகள் உள்ளன. ஆனால் அங்கே ஏ என்பது உச்சம். எவ்வளவு பெரிய வேலையையும் எடுக்கலாம். டி என்பது சிறிய வேலைகளுக்கு. அது நிறுவனத்திற்கான பதிவு. ஆளின் திறமைக்கான மதிப்பெண் ஆகாது. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபி தரும் ஜி1 முதல் ஜி7 வரையிலான தரம் இன்னொரு கணக்கு. சார்ஜ்மேனுக்கு ஏ கீழே, பி மேலே. குத்தகையாளருக்கு ஏ மேலே, டி கீழே. எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டால் ஏமாறத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியமோ வயர்மேனுக்கு பி என்றும் மேற்பார்வையாளருக்கு சி என்றும் வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் எழுத்தே இல்லை. எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், எஞ்சினியர் என்று மூன்று உரிமங்கள், ஆளுக்கேற்ற எல்லையோடு. இங்கே வாங்கிய சான்றிதழைக் காட்டிவிட்டு ஜொகூர் பாலம் தாண்டி அங்கே அதே பொறுப்பில் அமர்ந்துவிட முடியாது.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது நிலைகள் டிப்ளோமா. இதைக் கொடுப்பது மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா; 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. தொழில் கற்றிருக்கிறார் என்பதற்கு நல்ல அத்தாட்சி. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு போராங் எச்சில் கையெழுத்திட முடியாது. அதற்கு எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் வேண்டும். சேரும்போதே 'படிப்பு முடிந்தால் ஆணையத்தின் தேர்வுக்குப் போகலாமா, இந்த மையத்திற்கு ஆணையத்தின் அங்கீகாரம் உண்டா' என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் சேர்ந்துவிட்டு, 'மூன்றாம் நிலை முடித்தும் பையனை உதவியாளாகத்தான் எடுக்கிறார்கள்' என்று புலம்பிப் பயனில்லை.

அண்மைக் காலத்தில் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழிகளும் வந்துவிட்டன. 'ஐஆர்' என்பது பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியியலாளருக்கு. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியம் 'டிஎஸ்', 'டிசி' என்ற அடைமொழிகளைத் தருகிறது. இவற்றில் இரண்டாவது, சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பருக்கு உரியது. கையில் ஸ்குரூடிரைவர் பிடிப்பவருக்கும் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து கிடைப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, வரவேற்க வேண்டியதே. ஆனாலும் அந்த இரண்டு எழுத்து 11,000 வோல்ட் சுவிட்சைத் திறக்கும் உரிமையைத் தராது.

இப்போது அந்த இருபது ஆண்டு அனுபவக்காரருக்கு வருவோம். வேலையை அவர் செய்கிறார், கையெழுத்தை வேறொருவர் காசுக்குப் போடுகிறார் என்ற ஏற்பாட்டில் நட்டப்படுவது இவர்தான். கூலி இவருக்குக் குறைவு; பெயர் வேறொருவருக்கு. கையெழுத்திட்டவருக்கும் நிம்மதி இல்லை. தீ விபத்து நடந்து விசாரணை வந்தால், பார்க்காத வேலைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

இவருக்கு வழி அடைபட்டுப் போகவில்லை. அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி, வகுப்பில் உட்காராமலே எஸ்கேஎம் பெறும் முறை ஒன்று திறன் மேம்பாட்டு இலாகாவிடம் இருக்கிறது. ஆணையத்தின் சான்றிதழுக்கும் வேலை அனுபவம் கணக்கில் சேரும். தேர்வை மட்டும் எழுதித்தான் ஆக வேண்டும். செய்முறையில் இத்தகையவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. பலகையில் கம்பி பொருத்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். தடுமாற்றம் வரைபடத்திலும், மலாயில் கேட்கப்படும் விதிமுறைக் கேள்விகளிலும். கை செய்வதை வாய் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குச் சில மாதம் மாலை நேரத்தில் பழைய கேள்விகளை வைத்துக்கொண்டு, வீட்டில் படிக்கும் மகனையோ மகளையோ எதிரில் உட்காரவைத்து, மலாயில் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும்.