சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ற்று றேடியோவும்

(பழைய மாணவியொருவர் உயர்தர வகுப்பு மாணவியர்க்கு ஆற்றிய உரை)



எழுவைதீவிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்த 1990களில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கிவிடும். வேகமாகச் சுற்றினால், "மெல்ல, மெல்ல" என்று அம்மா கத்துவார். ஒருநாள் றேடியோ எரிந்தேவிட்டது. சுற்றியது நான். அதன்பின் அயல்வீட்டு வேலியோரம் நின்றுதான் செய்தி கேட்டோம்.

அந்த றேடியோவுக்கு வேண்டியது 6 வோல்ற்று. டைனமோ தருவது ஆடலோட்டம். அதை இருவாயிகளால் நேரோட்டமாக்கினாலும் ஒருமுறை 4 வோல்ற்று வரும், ஒருமுறை 9 வரும். நேரோட்டத்தில் நிலைமாற்றி வேலை செய்யாது. கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு சுற்று வேண்டும்.

அதில் ஒரு தூண்டற்சுருளும் நான்கு ஆளிகளும் உண்டு. சுருள் நடுவில். அதன் இடது முனையை டைனமோவின் நேருடனோ பொதுக் கம்பியுடனோ இணைக்க இரண்டு ஆளிகள்; வலது முனையை றேடியோவுடனோ பொதுக் கம்பியுடனோ இணைக்க மற்ற இரண்டு. முதலில் இடது முனை டைனமோவுக்கு, வலது முனை பொதுக் கம்பிக்கு. சுருளில் ஓட்டம் வளர்கிறது. காந்தப்புலத்தில் சக்தி சேர்கிறது. அந்நேரம் றேடியோவைத் தாங்குவது கொள்ளளவி. பிறகு இடது முனை பொதுக் கம்பிக்கு, வலது முனை றேடியோவுக்கு. இயந்திரத்தை நிறுத்தியும் வள்ளம் துறையை நோக்கி ஓடுகிறதல்லவா? சுருளின் ஓட்டமும் அப்படித்தான், சட்டென நிற்காது. சேர்ந்த சக்தியை றேடியோவுக்குள் தள்ளிவிடும். இது செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை நடக்கிறது.

ஒரு தடவைக்குரிய நேரத்தைப் பத்துப் பங்காக்குங்கள். ஏற்ற 5, இறக்க 5 என்றால் 6 வோல்ற்று 6 ஆகவே வரும். ஏற்ற 6, இறக்க 4 என்றால் ஒன்றரை மடங்கு: 4 வோல்ற்று 6 ஆகும். ஏற்ற 4, இறக்க 6 என்றால் 9 வோல்ற்றும் 6 ஆகிவிடும். வெளியே வருவதை அளந்து பங்கை மாற்றிக்கொண்டிருக்க ஒரு கட்டுப்படுத்தி உண்டு. எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா செய்தார், கொஞ்சம் பிந்தித்தான்.

ஓர் ஆளியும் ஓர் இருவாயியும் போதுமான எளிய வகையும் உண்டு. அதில் சுருளின் ஒரே முனைதான் ஏற்றவும் இறக்கவும். அதனால் பொதுக் கம்பியோடு பார்க்க, வெளியே நேர் மறையாகிவிடும். நான்கு ஆளிகள் செலவுதான். ஆனால் நேர் நேராகவே இருக்கும். கவனம்: ஒரே பக்கத்து இரண்டு ஆளிகளும் ஒரு கணமேனும் சேர்ந்து மூடக்கூடாது. இடப்பக்கம் மூடினால் டைனமோ குறுஞ்சுற்றாகும், வலப்பக்கம் மூடினால் கொள்ளளவி.

இன்று எழுவைதீவில் வெயில், காற்று, பற்றரி, டீசல் எல்லாம் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. வெயிலும் காற்றும் என் கையைப் போலத்தான், ஒரே சீராய் இரா. உங்கள் தொலைபேசியின் லிதியம் கலமும் நிறைந்தபோது 4.2 வோல்ற்று, தீரும்போது ஏறத்தாழ 3. அதிலிருந்து மாறாத 3.3 எடுப்பதும் இதே கணக்கு.

சுற்றை மேசையில் கட்டி வைத்திருக்கிறேன். சைக்கிளும் வெளியே நிற்கிறது. யார் சுற்றப் போகிறீர்கள்?