கண்டெடுத்தாலும் கொண்டு வராதே

(பரமக்குடியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேரிடர் பாதுகாப்பு என்றால் நம் மாவட்டத்தில் புயலும் கடல் சீற்றமும்தான் நினைவுக்கு வரும். எனக்குத் தந்த பத்து நிமிடத்தில் மண்ணுக்குள் கிடக்கும் ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

2018 ஜூன் மாதம், தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். பெட்டி பெட்டியாகத் துப்பாக்கித் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வெளிவந்தன. 1980களில் ஈழப் போராளிக் குழுக்கள் புதைத்தவையாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அந்த மண்ணின்மேல் எத்தனை பிள்ளைகள் ஓடி விளையாடியிருப்பார்கள்!

இதை எட்டாம் வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "அவ்வளவு வருசம் கிடந்தா துருப்பிடிச்சு வீணாப் போயிருக்குமே சார்?" என்றான். அறிவியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. துருப்பிடிப்பது வெளியே உள்ள இரும்பு. உள்ளிருக்கும் வெடிமருந்து பல பத்தாண்டுகள் வீரியம் குறையாமல் இருக்கும். வெடிக்கச் செய்யும் பொறியின் ஊசியும் சுருள்வில்லும் அரித்துப்போனால், எந்த அசைவில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளுக்காக ஜெர்மனியில் இன்றும் தெருத்தெருவாக மக்களை வெளியேற்றுகிறார்கள்.

நம் கடலுக்கு அக்கரையில் நிலைமை இன்னும் கடுமை. இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனால் முகமாலை போன்ற இடங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிக் கண்ணிவெடி எடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட கண்ணிவெடி துருப்பிடிப்பதும் இல்லை, உலோகம் காட்டும் கருவியில் எளிதில் சிக்குவதும் இல்லை. ஒரு குழந்தையின் காலடி போதும். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. நம் மாணவர்கள் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வகுப்பறைக்கு வருகிறேன். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். இரும்பைக் கண்டால் பிள்ளைகள் கை சும்மா இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் நம்மிடமே இருக்கிறது. கீழே கிடந்த பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தால் இறைவணக்கக் கூட்டத்தில் கைதட்டுகிறோம். கண்டெடுத்ததை ஆசிரியரிடம் கொடு என்பது நாம் சொல்லித் தந்த நல்ல பழக்கம். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் அது உயிருக்கு உலை. ஆகவே தனியாகச் சொல்லித் தர வேண்டும்: எடுக்காதே, கல்லெறியாதே, வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவரிடம் சொல், 112க்கு அழைக்கச் சொல்.

அப்படியும் ஒரு பிள்ளை கொண்டுவந்துவிட்டால்? கைநீட்டி வாங்காதீர்கள். மேசை இழுப்பறை வேண்டாம், தண்ணீர் வாளியும் வேண்டாம். பள்ளியைக் காலி செய்துவிட்டுக் காவல்துறையை அழையுங்கள். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவன் சொல்லவே மாட்டான்.

மண்டபம் முகாமிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பலகையில் வரைந்த மண்டை ஓடு என்ன சொல்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். என் மாணவர்கள் அதை வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நகல் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள்.